ஊசியிலும் வட சென்னை, தென் சென்னையா? 'ஸ்லாட்' பங்கீட்டில் நடந்தது என்ன?

சென்னை:

"ஊசி போட்டாச்சா?"

2021-ம் வருஷம் சென்னையில் ரெண்டு பேர் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் முதலில் வந்த கேள்வி இதுதான். "சாப்பிட்டாச்சா?" கூட அதற்கு அப்புறம்தான். போட்டாச்சு என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி: "எங்கே கிடைச்சுது?"

விஷயமே இந்த அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. பெரிய அடுக்குமாடி குடியிருப்பில் இருந்தவருக்கு தனியார் ஆஸ்பத்திரியே வாசலுக்கு வந்து முகாம் போட்டது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு விடிகாலையில் வரிசை, பத்து மணிக்கு "டோக்கன் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க". ரெண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே மாநகராட்சி, ஒரே ஊசி.

கொரோனா பழைய கதை ஆச்சே, இப்போது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கொரோனா ஊசிக்கு செல்போனில் நேரம் குறித்த 'கோவின்' பாணியிலேயே, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடும் வழக்கமான தடுப்பூசிகளுக்காக 'யு-வின்' என்ற தளத்தை மத்திய அரசு உருவாக்கியது. 2023 ஜனவரியில் நாடு முழுக்க 65 மாவட்டங்களில் சோதனையும் நடந்தது. பெற்றோரே பதிவு செய்து, மையமும் நேரமும் குறித்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி. வசதி நல்லதுதான். ஆனால் மருந்து தட்டுப்பாடு வரும் நாளில் அந்த நேரம் யாருக்கு கிடைக்கும்? 2021 சென்னை இந்த பரீட்சையை ஏற்கனவே எழுதிவிட்டது. விடைத்தாளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

முதலில் ஆள் இல்லை, அப்புறம் ஊசி இல்லை

2021 ஜனவரி 16-ந்தேதி சுகாதார ஊழியர்களோடு ஊசி போடும் பணி தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்கள், இணை நோய் உள்ள 45 வயதுக்காரர்கள். ஏப்ரல் 1 முதல் 45 வயதான எல்லோரும். மே 1 முதல் 18 வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் போடலாம் என்று மத்திய அரசு கதவை திறந்தது.

முதல் மூணு மாசம் ஊசி இருந்தது, ஆள் இல்லை. பயம், வாட்ஸ்அப் வதந்தி, "போட்டா ரெண்டு நாள் வேலைக்கு போக முடியாது" என்ற கணக்கு. போதாக்குறைக்கு, ஏப்ரல் 15-ந்தேதி ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், ரெண்டே நாளில் மாரடைப்பால் இறந்துபோனார். ஊசிக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொன்னார்கள். பிறகு மத்திய ஆய்வுக்குழுவும் அதையே சொன்னது. ஆனால் விழுந்த பயம் அவ்வளவு சுலபமாக எழுந்து போகவில்லை.

அதற்குள் ரெண்டாவது அலை வந்துவிட்டது. மே மாதம் நடுவில் சென்னையில் மட்டும் ஒரே நாளில் 7 ஆயிரத்துக்கு மேல் பாதிப்பு. அரசு ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. வேண்டாம் என்றவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும் என்றார்கள். அப்போது பார்த்து ஊசி இல்லை. ஜூன் தொடக்கத்தில் மாநிலம் முழுக்க கையிருப்பு வற்றிப்போய், மையங்கள் மூடிக்கிடந்தன.

பங்கு சண்டை ஆரம்பித்தது இங்கேதான். பந்தியில் சோறு நிறைய இருக்கும்வரை யாருக்கு முதல் இலை என்று எவரும் கேட்பதில்லை.

விரல் வேகமா இருந்தால் ஊசி

18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்று முதலில் அறிவித்தார்கள். செல்போன் எண் கொடுக்க வேண்டும். ரகசிய எண் வரும். அதை சில நிமிஷத்துக்குள் தட்ட வேண்டும். அப்புறம் மாவட்டம், அல்லது பின்கோடு. மையம் காலியாக இருந்தால் பச்சையில் காட்டும். பச்சையை பார்த்து விரலை கொண்டுபோவதற்குள் சிவப்பாகிவிடும். ரெயில் டிக்கெட் தட்கல் எடுத்தவர்களுக்கு இந்த வேதனை புதுசு இல்லை.

இதில் யாருக்கும் சலுகை இல்லை, எல்லோருக்கும் ஒரே கதவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணாநகரில் இருப்பவர் ராயபுரம் பின்கோடு போட்டு அங்கே உள்ள இடத்தை பிடிக்கலாம். கார் இருக்கிறது, அரை மணி நேரத்தில் போய் வந்துவிடலாம். ராயபுரத்துக்காரர் அண்ணாநகர் பின்கோடு போடலாமா? தாராளமாக போடலாம். சட்டம் தடுக்கவில்லை. ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, அவ்வளவுதான்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவை நினைத்துப் பார்க்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்கு போகிறவர். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது மகன் கையில். தளம் முதலில் இங்கிலீஷில் மட்டும்தான் இருந்தது. தமிழ் வந்தது ஜூன் மாசம், அதுவும் மற்ற சில மொழிகள் வந்து, 'தமிழ் எங்கே?' என்று இங்கிருந்து கேட்ட பிறகு. அந்த அம்மாவுக்கு கதவு திறந்துதான் இருந்தது. கைப்பிடிதான் எட்டாத உயரத்தில் இருந்தது.

இன்னொரு பக்கம், சென்னையைச் சேர்ந்த ஒரு மென்பொருள்காரரே 'அண்டர்45' என்ற இணையதளத்தை உருவாக்கினார். எந்த மையத்தில் இடம் காலியானாலும் டெலிகிராமில் 'டிங்' என்று தகவல் வந்துவிடும். லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு அது உதவியது. அவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் அந்த 'டிங்' யார் வீட்டில் கேட்டது என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும்.

சுப்ரீம் கோர்ட்டே இதை கேட்டது. 2021 மே 31-ந்தேதியிட்ட உத்தரவில், இணைய வசதி இல்லாத மக்கள் கோவின் ஒன்றையே நம்பி எப்படி ஊசி போட முடியும் என்று மத்திய அரசிடம் விளக்கம் கேட்டார்கள் நீதிபதிகள். அதற்கு ஒரு வாரம் முன்பே, மே 24-ந்தேதி, அரசு மையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு இறங்கி வந்திருந்தது. தமிழகத்தில் 18 வயதுக்காரர்களுக்கு ஊசி போடுவதே மே 20-ந்தேதிதான் தொடங்கியது என்பதால், இங்கே அந்த கட்டாயத்தின் முழு வலியும் சில நாட்கள்தான்.

நேரில் வரலாம் என்றதும் பிரச்சினை தீர்ந்ததா? விரல் பந்தயம் போய், கால் பந்தயம் வந்தது. விடியற்காலை வரிசை. காலையில் வருகிற டோக்கன் எத்தனை என்று ராத்திரியே தெரிந்தவர்கள் முன்னால் நின்றார்கள். பகல் கூலிக்கு போகிறவர், கைக்குழந்தை உள்ளவர், பாட்டியை தனியாக விட்டு வர முடியாதவர் எல்லாம் கடைசியில். மாநகராட்சியும் தன் பங்குக்கு தனியாக இணைய முன்பதிவு தொடங்கியது. மறுபடி விரல்.

ரூ.780 கையில் இருந்தால் வரிசை இல்லை

தயாராகும் ஊசியில் 75 சதவீதம் அரசுக்கு, 25 சதவீதம் தனியாருக்கு என்பது 2021 ஜூன் 21-ந்தேதி முதல் வந்த ஏற்பாடு. தனியாரில் அதிகபட்ச விலை கோவிஷீல்டு ரூ.780, ஸ்புட்னிக் ரூ.1,145, கோவாக்சின் ரூ.1,410.

நாலு பேர் உள்ள குடும்பம் கோவிஷீல்டு ரெண்டு டோஸ் போட ரூ.6,240. கோவாக்சின் என்றால் ரூ.11,280. ஊரடங்கில் வருமானம் நின்ற வீட்டில் இது வாடகை பணம்.

காசு உள்ளவர் தனியாரில் போட்டுக்கொண்டால் அரசு வரிசையில் ஒரு ஆள் குறையுமே, நல்லதுதானே என்ற வாதம் அப்போது பலமாக இருந்தது. பாதி சரி. ஆனால் தனியாருக்கு போன மருந்து நோய் அதிகமான இடத்துக்கு போகவில்லை, ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்கு போனது. எண்ணூரில், கொருக்குப்பேட்டையில் எத்தனை பெரிய தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது? ஐ.டி. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு அலுவலகத்திலேயே முகாம் நடத்தின. நாட்டின் சில ஊர்களில் நட்சத்திர ஓட்டலில் தங்கல், சாப்பாட்டோடு ஊசி 'பேக்கேஜ்' போட்டு விற்றார்கள். அது விதிமீறல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் மே மாத கடைசியில் கடிதம் எழுதி தடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் பார்த்தால் தனியாருக்கு ஒதுக்கியதில் நிறைய விற்காமல் தேங்கியது. ஒரு பக்கம் இலவச ஊசிக்கு வரிசை, இன்னொரு பக்கம் காசு ஊசி குளிர்பெட்டியில். தனியார் பங்கை 10 சதவீதமாக குறைத்து, மீதியை மாநிலத்துக்கு கொடுங்கள் என்று தமிழக அரசு கேட்டது. ஜூலை 28-ந்தேதி முதல், கம்பெனிகள் சமூக பொறுப்பு நிதியில் பணம் கட்ட, தனியார் ஆஸ்பத்திரியிலேயே ஏழைகளுக்கு இலவசமாக போடும் திட்டமும் வந்தது. நல்ல யோசனை. ஊசிக்காக ஜனம் ஆலாய் பறந்த மே, ஜூன் தாண்டிப்போய்விட்டது என்பதுதான் குறை.

எது நியாயம்? அங்கேதான் குழப்பம்

சரி, பேட்டை பேட்டையாக பங்கு பிரித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். எந்த கணக்கில் பிரிப்பது?

அப்போது மாநகராட்சியில் 15 மண்டலம், 200 வார்டு. மண்டலத்துக்கு இத்தனை டோஸ் என்று சமமாக பிரித்தால், 18 வார்டு உள்ள தேனாம்பேட்டைக்கும், அதில் பாதி வார்டு கூட இல்லாத மணலிக்கும் ஒரே அளவு. அது பங்கீடு இல்லை, கேலி.

தலைக்கு இத்தனை என்று பிரிக்கலாம். டெல்லியிடம் தமிழகம் வைத்த வாதமே இதுதான். ஆயிரம் பேருக்கு இத்தனை டோஸ் என்று பார்த்தால் குஜராத், கர்நாடகாவை விட எங்களுக்கு ரொம்ப குறைவு, ஒரு கோடி டோஸ் சிறப்பு ஒதுக்கீடு வேண்டும் என்று 2021 ஜூலையில் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு கடிதம் எழுதினார். நியாயமான கணக்கு. மாநிலத்துக்கு பொருந்தும் கணக்கு மண்டலத்துக்கும் பொருந்தத்தானே வேண்டும்? மண்டல வாரியாக எத்தனை பேருக்கு தொற்று என்ற பட்டியல் தினமும் டி.வி.யில் ஓடி, குழந்தைக்கு கூட மனப்பாடம் ஆனது. வார்டு வாரியாக ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு ஊசி என்ற பட்டியல் அந்த அளவுக்கு வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

இல்லை, நோய் எங்கே அதிகமோ அங்கே முதலில் கொடு என்று சொல்லலாம். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2020-ல் முதல் அலையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம்தான் படு மோசம். அந்த வருஷம் ஜூலையில் எடுத்த ரத்த பரிசோதனை ஆய்விலும், தண்டையார்பேட்டையில் எதிர்ப்பு சக்தி உருவானவர்கள் நகர சராசரி போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது அவ்வளவு பேருக்கு ஏற்கனவே வந்து போயிருக்கிறது. 2021 ரெண்டாவது அலையில் பட்டியலில் மேலே இருந்தது அண்ணாநகர், தேனாம்பேட்டை மாதிரியான மண்டலங்கள். நோய் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இங்கேதான் முதலில் ஊசி போக வேண்டும் என்று ஒரு அதிகாரி சொன்னால், அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். தொற்று எண்ணிக்கை என்பது பரிசோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. 'பாசிட்டிவ்' என்று வந்தால் தெருவில் தகரம் அடித்து, வேலைக்கும் போக முடியாமல் பண்ணிவிடுவார்களோ என்று பயந்து பரிசோதனைக்கே வராதவர் எந்த பட்டியலில் இருந்தார்? அதோடு, தொற்று வந்தால் தனி அறை உள்ள வீட்டுக்கும், எட்டு பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டுக்கும் ஒரே எண்ணிக்கை ஒரே ஆபத்து கிடையாது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவரை விட, காய்கறி வண்டி தள்ளியவரும், குப்பை அள்ளியவரும், துறைமுகத்தில் சரக்கு இறக்கியவரும் தினம் தினம் வெளியே நின்றார்கள்.

அதற்காக வட சென்னை என்றால் வஞ்சிக்கப்பட்டது, தென் சென்னை என்றால் அள்ளிக்கொண்டது என்று ஒரே கோடு போடுவதும் சரியில்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி வட சென்னையில்தான் இருக்கிறது, சென்டிரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரியும் எட்டும் தூரம்தான். உண்மையில் கஷ்டம் ஓரத்தில் இருந்தது. 2011-ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக ஊதியது. பெரிய அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகள் எல்லாம் பழைய 174-க்குள்ளேயே நின்றுவிட்டன. மணலி புதுநகரில் இருப்பவருக்கும் செம்மஞ்சேரியில் இருப்பவருக்கும் திசைதான் வேறு, அவஸ்தை ஒன்று.

பெரும்பாக்கம் யார் கணக்கில்?

இதிலும் ஒரு கூத்து. நகருக்குள் கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டி வைத்தது அரசு. ஆட்கள் சென்னைக்காரர்கள். வேலை மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும். ஆனால் 2021-ல் பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சி கிடையாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி. பக்கத்தில் இருக்கும் கண்ணகி நகர் மாநகராட்சிக்குள், பெரும்பாக்கம் வெளியே.

200 வார்டுக்கும் முகாம் என்று ரிப்பன் மாளிகையில் திட்டம் போட்டால், அந்த 200-ல் இவர்கள் வரமாட்டார்கள். ஊராட்சி கணக்கில் பார்த்தாலோ, ஒரு சின்ன நகரத்து ஜனத்தொகையை கிராமம் என்ற தலைப்பில் எழுதிக்கொண்டிருப்பார்கள். பங்கு பிரிக்கும்போது வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்பது இவ்வளவு முக்கியம்.

கேட்க கவுன்சிலரே இல்லை

பலருக்கு மறந்துபோன ஒரு விஷயம். 2021-ல் சென்னை மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர் கூட கிடையாது. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவே இல்லை. 2022 பிப்ரவரி 19-ந்தேதிதான் ஓட்டுப்பதிவு, மார்ச் முதல் வாரம்தான் மேயர். அதாவது சென்னை கண்ட மிகப்பெரிய நோய்க்காலம் முழுக்க, "என் வார்டுக்கு ஏன் நூறு டோக்கன், பக்கத்து வார்டுக்கு ஏன் முன்னூறு?" என்று மன்றத்தில் எழுந்து நின்று கேட்க ஒரு ஆள் இல்லை.

இருந்தால் மட்டும் என்ன, டோக்கனை கட்சிக்காரர்களுக்கு கொடுத்திருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். நடக்கலாம். ஆனால் அப்படி கொடுத்தால் திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்திருக்கும். அதிகாரிகள் ராப்பகலாக உழைத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆரம்ப சுகாதார நிலைய நர்சுகள் ஊசி போட்டே கை வலித்தவர்கள். ஆனால் கணக்கு கேட்பது அவர்கள் வேலை இல்லையே.

நியூயார்க்கில் நடந்தது

இந்த ஏமாற்றம் சென்னைக்கு மட்டும் சொந்தமில்லை. 2021 ஜனவரியில் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதியில், ஸ்பானிஷ் பேசும் உழைப்பாளி மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில், ஒரு பெரிய மையம் திறந்தார்கள். இணையத்தில் முன்பதிவு. வரிசையில் வந்து நின்றவர்களோ பெரும்பாலும் வெளியில் இருந்து வந்த வெள்ளைக்காரர்கள். செய்தி வெளியாகி நாறிய பிறகு, முன்பதிவில் பெரும்பங்கு அக்கம்பக்கத்து மக்களுக்கே என்று விதியை மாற்றினார்கள். மையத்தை ஏழைகள் தெருவில் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை அந்த ஊர் இப்படித்தான் தெரிந்துகொண்டது.

கலிபோர்னியாவில் இன்னும் வேடிக்கை. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மக்களுக்கென்று ரகசிய குறியீடு கொடுத்து இடம் ஒதுக்கினார்கள். அந்த குறியீடு அடுத்த சில நாளில் வசதியானவர்களின் செல்போன் குழுக்களில் சுற்றியது. நம்மூர் 'சிபாரிசு' என்பதற்கு அங்கே பாஸ்வேர்டு என்று பேர்.

பாட்டிலை திறந்தால் பத்து பேர் வேணும்

ஒதுக்கீடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் ஒரு நர்சின் கஷ்டத்தையும் கேட்க வேண்டும். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் குப்பைக்கு. ஒரு வார்டில் ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள். திறப்பதா, வேண்டாமா? திறந்தால் நாலு டோஸ் வீண். திறக்காவிட்டால், வேலையை விட்டுவிட்டு வந்த ஆறு பேர் திரும்பிப் போவார்கள், மறுபடி வரமாட்டார்கள்.

ஊசிக்கு பயந்த தெருவில் இந்த கஷ்டம் தினம். இந்த வார்டுக்கு 200 ஒதுக்கி, சாயங்காலம் வரை 90 பேர்தான் வந்தால், மீதி 110-ஐ என்ன செய்வது? அவசரப்பட்டு மூணு மணிக்கே எல்லோருக்கும் திறந்துவிட்டால் கார்க்காரர் வந்து அள்ளிக்கொள்வார். பூட்டி வைத்தால், ஊர் முழுக்க தட்டுப்பாடு இருக்கும்போது மருந்தை முடக்கிய பழி. நடைமுறையில் ஒரு வழிதான் உண்டு. மீதியை அதே நாளில் பொதுவில் விடாமல், அந்த வார்டிலேயே ஆளை அனுப்பி கூப்பிட்டு வர வேண்டும். அதற்கு ஆள் பலம் வேண்டும், தெருவை தெரிந்தவர் வேண்டும். சுகாதார ஊழியரோடு மகளிர் குழு அக்காவும் சேர்ந்து வந்து கதவை தட்டினால் கதை வேறு.

கோவளம் மீனவர் கிராமத்தில் 2021 ஜூனில் ஒரு தொண்டு நிறுவனம் ஊசி போட்டவர்களுக்கு பிரியாணியும், குலுக்கலில் தங்க காசும் அறிவித்ததை நாடே பேசியது. சிலர் சிரித்தார்கள். ஆனால் காலியாக கிடந்த முகாம் நிரம்பியதே, அதுதான் கணக்கு.

சொட்டு மருந்துக்கு ஸ்லாட் போட்டவர் யார்?

இதில் வருத்தமான விஷயம், பேட்டை பேட்டையாக மருந்து கொண்டுபோவது சென்னைக்கு தெரியாத வித்தை இல்லை. போலியோ சொட்டு மருந்து நாளில் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடத்தில் முகாம். பஸ் நிலையம், ரெயில் நிலையம், சத்துணவு கூடம், கோவில் வாசல். எந்த அம்மாவும் அதற்கு பின்கோடு தட்டியது இல்லை. விரலில் மை வைத்து, விட்டுப்போன குழந்தையை வீடு தேடிப்போய் பிடித்து சொட்டு விட்டார்கள். அப்படித்தான் போலியோவை விரட்டினோம்.

கொரோனாவிலும் கடைசியில் அந்த பாதைக்குத்தான் வந்தார்கள். 80 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே போய் ஊசி போட்டது மாநகராட்சி. ஆகஸ்டில் வார்டுக்கு ரெண்டு வீதம் 400 முகாம். செப்டம்பர் 12-ந்தேதி முதல் மெகா முகாமில் வார்டுக்கு எட்டு வீதம் சென்னையில் மட்டும் 1,600. மாநிலம் முழுக்க 20 லட்சம் இலக்கு வைத்தார்கள், 28 லட்சத்தை தாண்டியது. ஓட்டுச்சாவடி மாதிரி தெருவுக்கு பக்கத்தில் மேஜை போட்டதும் ஜனம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறியும், சிலருக்கு சரக்கும் தடுக்கிறது என்று தெரிந்ததும், அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார் அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன். ஊரை தெரிந்துகொண்டு திட்டம் போடுவது என்றால் இதுதான்.

ஆனால் இது நடந்தது ஊசி வந்து குவிந்த பிறகு. தட்டுப்பாடு இருந்த மே, ஜூனில் வார்டுக்கு எட்டு மேஜை போட்டிருக்க முடியாது என்று சொல்வார்கள். எட்டு வேண்டாம். ஒன்று போட்டிருக்கலாம். பத்து குப்பி வந்தால் நூறு பேர். அந்த நூறு பேர் அந்த வார்டு ரேஷன் கார்டு உள்ளவர்கள் என்று முதல் நாளே ஒரு அறிவிப்பு, கார்டு இல்லாத நடைபாதைவாசிக்கு தனியாக பத்து இடம், பேர் எழுதிய பட்டியல் ரேஷன் கடை சுவரில். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் போடலாம் என்று மத்திய அரசின் வழிமுறையே மே மாதம் வந்துவிட்டது. ரேஷன் கடையில் கொரோனா நிவாரண பணம் கொடுக்க தேதி போட்டு டோக்கன் வீடு வீடாக கொடுத்த அதே அரசுதானே இது? அந்த டோக்கனுக்கு யாரும் விடிகாலையில் வரிசை நிற்கவில்லை.

இப்போது யு-வின் வரிசை. தமிழகத்தில் குழந்தைக்கு தடுப்பூசி என்றால் புதன்கிழமை. பல வருஷ பழக்கம். கையில் அட்டையை எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து சுகாதார நிலையத்துக்கு போனால் நர்சம்மா பேரை கேட்டுவிட்டு போட்டு அனுப்புவார். தட்டுப்பாடு வந்தால் அந்த புதன்கிழமை மருந்தில் எத்தனை டோஸ் நேரில் வருகிற தாய்க்கு, எத்தனை செல்போனில் நேரம் குறித்தவருக்கு என்பதை, தட்டுப்பாடு வருவதற்கு முன்பே எழுதி, வார்டு வாரியாக ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.